பென்சில்வேனியா போகும் பள்ளத்தூர்த் தம்பிக்கு

பென்சில்வேனியாவில் வேலை கிடைத்திருக்கிறது, வாடகை எப்படி, குளிருக்கு என்ன வாங்குவது என்று கேட்டுவிட்டுக் கடைசியில் “அங்கே அதிபர் தேர்தலைக் கிராமத்து ஓட்டுதான் முடிவு செய்யுமாமே, நிஜமா?” என்றும் கேட்டிருக்கிறாய். வாடகையைக் கம்பெனியில் விசாரி. குளிருடுப்பை அங்கே இறங்கியதும் வாங்கிக்கொள். காரைக்குடியில் கிடைப்பது எதுவும் அந்தக் குளிரைத் தாங்காது.

முதலில் ஒன்று. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளராகவும் பதிவு செய்கிறாயா என்று கேட்கக்கூடும். 1993-ல் வந்த சட்டம் அது. 2000-ல் நான் போய் இறங்கியபோது என்னிடமும் கேட்டார்கள். கவுண்டரில் இருந்த அம்மா பேசிய வேகத்தில் பாதி புரியவில்லை, எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ‘அமெரிக்கக் குடிமகனா’ என்ற கட்டத்தைப் பார்த்ததும்தான் பேனா நின்றது. அதில் ஆம் என்று போட்டிருந்தால் கிரீன் கார்டுக்கு வழியே இருந்திருக்காது, நாட்டை விட்டே அனுப்பியிருக்கவும் கூடும். விசாவில் போகிறவனுக்கு ஓட்டு கிடையாது, தம்பி. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

சரி, உன் கேள்வி. அங்கே மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் தேர்வாளர்கள். மொத்தம் 538 பேர், அதில் 270 வந்தால் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் அந்த மாநிலத்தின் அத்தனை தேர்வாளர்களும் அவருக்கே. 2016-ல் பென்சில்வேனியாவின் 20-ஐ டிரம்ப் எடுத்தது 44,292 ஓட்டில். 2020-ல் பைடன் எடுத்தது 80,555 ஓட்டில். பிலடெல்பியாவும் பிட்ஸ்பர்க்கும் ஜனநாயகக் கட்சிப் பக்கம், நடுவில் மலையும் சோளக்காடுமாகக் கிடக்கிற ஊர்கள் குடியரசுக் கட்சிப் பக்கம். இது எல்லாருக்கும் தெரியும். அந்த ஊர்களில் நூற்றுக்கு அறுபதா எழுபதா, எத்தனை பேர் கிளம்பி வந்து போட்டார்கள் என்பதில்தான் மாநிலமே புரளும். கிராமம் மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது. நம் சிவகங்கையில் 2009-ல் சிதம்பரம் 3,354 ஓட்டில் ஜெயித்தாரே, அது எந்த ஊர் ஓட்டு என்று யார் பிரித்துச் சொல்வது?

எனக்கு ஆத்திரம் வருவது நம்மவர்களை நினைத்துத்தான். நியூஜெர்சியில் நம் ஆட்களுக்குள்ளேயே இருந்துகொண்டு, அந்த விவசாயிகளைப் பட்டிக்காடு, ஒன்றும் தெரியாதவர்கள் என்பார்கள். ஒருவர் வீட்டு வாசலையும் மிதித்திருக்க மாட்டார்கள். நான் அந்த ஊர்களில்தான் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தேன், பால் விலையும் டீசல் விலையும் அவர்களோடு உட்கார்ந்து பேசினேன். நீயும் அப்படி இரு.

2000 அதிபர் தேர்தலுக்கு ஃப்ளோரிடாவில் இன்னும் ஓட்டு எண்ணிக்கொண்டிருந்த டிசம்பர் அது, கடைசியில் குடியரசுக் கட்சியின் புஷ் 537 ஓட்டில் ஜெயித்தாரே, அப்போது. என் கார் பனியில் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. புஷ் பெயர் போட்ட பலகை நட்டிருந்த பண்ணையிலிருந்து பெரியவர் ஒருவர் டிராக்டரைக் கொண்டுவந்து, கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் சங்கிலியை மாட்டி இழுத்துவிட்டார். பணம் வாங்கவில்லை. மறுநாள் என் மனைவி மணகோலம் என்ற நம் செட்டிநாட்டுப் பலகாரத்தைச் செய்து டப்பாவில் கொடுத்தனுப்பினாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது என்று எங்கள் ஆச்சி சொல்வார். ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பா திரும்பி வந்தது, உள்ளே வைக்கோல் பரப்பி, பன்னிரண்டு முட்டையோடு.