பண்டைய எகிப்தில் அரசு தோன்றியதற்கு நைல் பாசனம்தான் காரணமா?

பாசனத்தை நிர்வகிக்கவே அரசு தோன்றியது என்ற பழைய விளக்கம் எகிப்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஆண்டுதோறும் பெருகும் நைல், வயல்களில் வண்டலைப் படியவிட்டுத் தானே வடிந்துவிடும் என்பதால், தொடக்கத்தில் ஊரளவிலான ஏற்பாடுகளே போதுமானவையாக இருந்தன.

கி.மு. 4000-க்குப் பிறகு, தெற்கே மேல் எகிப்தில் நக்காடா, ஹிராகோன்போலிஸ், அபிடோஸ் ஆகிய இடங்களின் தலைவர்கள், உபரித் தானியத்தையும் கிழக்குப் பாலைவனப் பொன்னையும் தொலைதூர வணிகத்தையும் தம் கைக்குள் கொண்டுவந்து, அண்டை ஊர்களை மெல்ல விழுங்கினர். பள்ளத்தாக்கின் இருபுறமும் பாலைவனம் என்பதால், தோற்றவர்கள் பணிவதைத் தவிர வேறு வழி குறைவு.

என் பார்வையில் மிக வலுவான சான்று, அபிடோஸில் கி.மு. 3200-ஐ ஒட்டிய ஒரு கல்லறையில் கிடைத்த, எலும்பிலும் தந்தத்திலும் செதுக்கிய சிறு சீட்டுகள். பொருள்களோடு கட்டுவதற்குத் துளையிடப்பட்ட அவற்றில், எண்ணிக்கையையோ வந்த இடத்தையோ குறிப்பதாகக் கருதப்படும் குறிகள் உள்ளன. அதாவது, ஒன்றுபட்ட எகிப்தின் முதல் மன்னராகப் பலரும் கருதும் நார்மருக்கு முன்பே அங்கே கணக்குப் பார்க்கும் நிர்வாகம் இருந்தது.

கி.மு. 3100 அளவில் வாழ்ந்த நார்மர், தன் புகழ்பெற்ற கற்பலகையின் ஒரு பக்கத்தில் மேல் எகிப்தின் வெண்மகுடத்தோடும் மறுபக்கத்தில் வடக்கேயுள்ள கீழ் எகிப்தின் செம்மகுடத்தோடும் காட்சியளிக்கிறார். அதை, இரு பகுதிகளும் ஒரே போரில் இணைந்த செய்தியாகப் படிக்க வேண்டியதில்லை. அவருக்கு முன்பே நக்காடா பாணி மட்பாண்டங்கள் வடக்கே நைல் கடலில் கலக்கும் டெல்டா வரை பரவியிருந்தன.