லெக்சிங்டன் விமானியின் பறப்புக் குறிப்பேடு 1942 மே மாதத்தில் தொடங்குவது ஏன்?

முந்தைய பக்கங்கள் இல்லாமல் 1942 மே மாத நடுவில் தொடங்குவதை மட்டும் வைத்து நீங்கள் வாங்கிய குறிப்பேட்டை (விமானி தன் பறப்புகளையும் மணிக்கணக்கையும் பதியும் ஏடு) போலி என்று சொல்ல முடியாது. லெக்சிங்டன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து உயிர் தப்பிய விமானியிடம் எதிர்பார்க்க வேண்டியதே அதுதான்.

பவளக் கடல் போரில் மே 8 அன்று அக்கப்பல் மூழ்கியபோது, அதிலிருந்த பழைய குறிப்பேடு அதனோடு போயிருக்கும். அப்போது வானத்தில் இருந்து, யார்க்டவுன் என்ற மற்றொரு விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கிய விமானிகளுக்கும் உடுத்திய உடையே மிஞ்சியது. (கப்பலை விட்டு இறங்குமுன் சிலர் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள் என்பது உண்மைதான்; அந்த அளவுக்கு அவகாசம் இருந்ததால் சட்டைப்பைக்குள் அடங்கும் கடிகாரமோ சின்னமோ தப்பியிருந்தால் வியப்பில்லை.)

சரிபார்க்க வேண்டியவை:

1. முதல் பக்கத்தில் பழைய பறப்பு மணிகளின் மொத்தம் முன்கொணரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

2. ஒவ்வொரு வரியிலும் உள்ள விமானத் தொடர் எண், அதே வரியில் எழுதப்பட்ட விமான வகையோடு பொருந்த வேண்டும்; போலி செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குவார்கள்.

3. செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் அந்த விமானியின் பணிக்கோப்பைக் கேளுங்கள். அங்கே 1973-இல் நடந்த தீ விபத்தில் அழிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். கடற்படைக் கோப்புகள் அல்ல. பணியிலிருந்து விலகி 62 ஆண்டுகள் கடந்திருந்தால் உறவினர் அல்லாதவரும் கேட்கலாம்.

ஆனால், முன்கொணரப்பட்ட மணிக்கணக்கு நினைவிலிருந்து எழுதப்பட்டதாகவும் இருக்கலாம் என்பதால், அது பணிக்கோப்போடு சற்று முரண்படுவதை மட்டும் வைத்துக் குறிப்பேட்டை ஒதுக்கிவிடாதீர்கள்.