தை மாத முன்பணம்

அன்புள்ள ஐயா,

நான் வாலிநோக்கத்துக்காரன். இப்போது கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில் இருக்கிறேன். பதினான்கு ஆண்டுகளாக இங்குள்ள ஒரு சிறிய ஒயின் ஆலையின் கிளப்பில் உறுப்பினர். வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை, ஆறு ஆறு பாட்டில்கள் வீட்டுக்கு வரும். எதை அனுப்புவது என்பது அவர்கள் முடிவு. 2020 காட்டுத்தீயில் திராட்சையில் புகை ஏறிவிட்டதால் அந்த ஆண்டு சிவப்பு ஒயினே செய்யவில்லை. நிலவறையில் இருந்த பழைய பாட்டில்களை அனுப்பினார்கள். சென்ற ஆண்டு ஆலையை ஒரு பெரிய நிறுவனம் வாங்கிவிட்டது. ஒயின் செய்தவர் விலகிப் போய்விட்டார். “கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே, இன்னும் எதற்கு?” என்கிறாள் மகள். விலகலாம் என்று நினைக்கிறேன், மனம் வரவில்லை. இது வெறும் பழக்கம்தானா?

மு., கலிபோர்னியா

அன்புள்ள மு.,

பழக்கம் என்று நான் நினைக்கவில்லை. நான் ஒயின் குடிப்பவன் இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் ஏற்பாடு எங்கள் வீட்டில் இருந்தது. உங்கள் ஊரிலிருந்து கடலோரமாக மேற்கே போனால் கன்னிராஜபுரம். தை பிறந்ததும் அப்பா சைக்கிளில் அங்கே போய் ஒரு பனையேறி குடும்பத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வருவார். கலயமும் சுண்ணாம்பும் மரமேறக் காலில் மாட்டும் தளைநாரும் அந்தப் பணத்தில்தான் வாங்குவார்கள். மாசிக் கடைசியில் பதநீர் இறக்கப் பாளை சீவத் தொடங்கினால் ஆடி வரைக்கும் ஓலைக் கொட்டானில் கருப்பட்டி வரும். எது வருகிறதோ அதுதான். ஒரு கொட்டானில் இளம் பழுப்பாக இருக்கும். அடுத்ததில் பாகு முற்றிக் கறுத்து லேசாகக் கசக்கும். அம்மா ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, “இந்த வாரம் அந்த அம்மாவுக்கு அடுப்பில் கவனம் இல்லை, உடம்புக்கு என்னவோ” என்பார். காய்ச்சுகிற அந்த அம்மாவை அவர் பார்த்ததே இல்லை.

ஒரு சித்திரையில் விடாத மழை. வழுக்குகிற மரத்தில் ஏற முடியாது. ஏறினாலும் கலயத்தில் மழைநீர் விழுந்து, சுண்ணாம்பு கரைந்து, பதநீர் புளித்துக் கிடக்கும். அந்த ஆண்டு வழக்கத்தில் பாதிகூட வரவில்லை. அப்பா மீதியைக் கேட்கவில்லை; அடுத்த தையிலும் அதே முழுத்தொகையைக் கொண்டுபோனார். உங்கள் 2020-ஐப் படித்ததும் எனக்கு அந்தச் சித்திரைதான் நினைவுக்கு வந்தது. சிவப்பு ஒயின் தோலோடு சேர்ந்து ஊறித்தான் நொதிக்கிறது. தோலில் ஏறிய புகை அதிலும் இறங்கிவிடும். அதை மூடிமறைத்து எதையோ அடைத்து அனுப்பாமல், உங்களுக்காக நிலவறையைத் திறந்தார்களே, அந்த ஒரு செயலுக்காகவே பதினான்கு ஆண்டுகள் தகும். உங்கள் மகள் பாட்டிலுக்குப் பாட்டில் விலை பார்க்கிறாள். தீ வந்த ஆண்டுக்குப் பிறகும் அந்தத் தோட்டத்தில் கொடி கவாத்து செய்ய ஆள் நின்றதில் உங்கள் பணமும் இருந்தது என்பதை அவளிடம் சொல்லுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அதே பதநீர் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். பனையின் ஒயின் அதுதான். தமிழ்நாட்டில் 1987 முதல் அதற்குத் தடை. திராட்சையை நொதிக்க வைப்பவர் கலிபோர்னியாவில் வீடு வீடாக அனுப்புகிறார். நம் கரையில் பனையேறி அதையே செய்தால் வழக்கு. இத்தனை வருடம் ஆகியும் இந்த அநீதி எனக்குப் பழகவில்லை.

எங்கள் ஏற்பாடும் ஒருநாள் முடிந்தது. பனையேறிக்கு முட்டி தேய்ந்து மரமேற முடியாமல் போனது. பிள்ளைகள் திருப்பூரில். கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியை ஒரு வியாபாரி எடுத்துக்கொண்டார். அடுத்த கொட்டானிலேயே தெரிந்துவிட்டது: உடைத்தால் உள்ளே சீனி மினுங்கியது, எங்கள் கரைப் பனைக்கு உரிய மெல்லிய கரிப்பு நாக்கில் இல்லை. அப்பா சண்டை போடவில்லை. அடுத்த தையில் வியாபாரிக்குப் பணம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் உடனே அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன். காலையில் இறக்கிய பதநீர் அன்றே கருப்பட்டியாகிவிடுகிறது. கை மாறினால் அந்த வாரமே தெரியும். ஒயின் அப்படியல்ல. சிவப்பு ஒயின் பெரும்பாலும் ஓராண்டு, இரண்டாண்டு ஓக் மரப் பீப்பாயில் கிடந்து, பாட்டிலிலும் சில மாதம் இருந்துதான் வெளியே வருகிறது. மேலே ஒட்டிய சீட்டில் உள்ள ஆண்டு பழம் பறித்த ஆண்டு. ஆகவே இப்போது உங்கள் வாசலுக்கு வருகிற சிவப்பு, விலகிப் போனவர் பறித்து நொதிக்க வைத்ததாகவே இருக்கும். கடைசியில் கலந்து அடைத்தது மட்டும் வேறு கையாக இருக்கலாம். அவர் பறித்த கடைசி ஆண்டின் பாட்டில் வரும்வரை இருங்கள். அதன்பின் புதியவர்களின் முதல் பாட்டிலைத் திறந்து, விலையை மறந்துவிட்டுக் குடித்துப் பாருங்கள். நன்றாக இருந்தால் தொடருங்கள். அவர்களுக்கும் ஒரு கெட்ட ஆண்டு வரும், அன்று ஆள் வேண்டும். இல்லையென்றால் குற்ற உணர்வு இல்லாமல் விலகிவிடுங்கள்.

அதற்குள் அந்த மனிதர் எங்கே போனார் என்று விசாரியுங்கள். வியாபாரிக்குப் பணம் கொடுக்காத அந்தத் தையிலும் அப்பா கன்னிராஜபுரம் போனார். நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்தேன். ஏற முடியாத அந்தப் பனையேறியின் கையில் வழக்கமான தொகையை வைத்தார். அன்றைக்குத்தான் நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். தங்களுக்கென்று எடுத்துவைத்திருந்த கடைசிக் காய்ச்சுக் கருப்பட்டியை உடைத்துப் போட்டு எங்களுக்குக் காப்பி கொடுத்தார்.