தூஷணத்துக்கு மட்டும் வாய்ப்பூட்டு

கேள்வி: 'கோடி' (Kodi) என்ற வீடியோ பிளேயர் மென்பொருளில் படம் பார்க்கிறோம். தூஷணம் வந்து நான் ரிமோட்டைத் தேடுவதற்குள் பேரன் அதைத் திருப்பிச் சொல்லிவிடுகிறான். வழியுண்டா?
- ஒரு அம்மம்மா, கல்லடி

பதில்: உண்டு அம்மா, என் வீட்டிலும் இதே கூத்துத்தான். நோட்பேட்டில் ஒரு வரி எழுதுங்கள்: 754 756 1. முதலிரண்டும் தொடங்கும், முடியும் விநாடிகள் (12 நிமிடம் 34 விநாடி என்றால் 754). கடைசியில் 1 போட்டால் சத்தம் மட்டும் அடங்கும். 0 போட்டால் காட்சியே தாண்டிப் போகும். படம் கிடக்கும் ஃபோல்டரிலேயே, படத்தின் பெயரிலேயே, முடிவில் புள்ளிக்குப் பின் வருவதை மட்டும் 'ஈடிஎல்' (.edl) என மாற்றிச் சேமியுங்கள். என்ன, முழுப் படத்தையும் முதலில் நீங்கள் கேட்டுத் தொலைக்க வேண்டும்! சப்டைட்டிலையும் நிறுத்திவிடுங்கள். நான் மறந்துபோனேன், மகள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, இது என்ன சொல்லு?"