உயர்தரத்தில் பயோ படிக்காத பொறியியலாளர் மூளை நோய் ஆராய்ச்சிக்கு போஸ்ட்டொக் போகலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். மின் பொறியியலில் பிஎச்டி முடியப் போகிறது. பார்க்கின்சன், அல்சைமர் போன்ற நோய்களை ஆராய்வதற்கான கருவிகள் செய்யும் போஸ்ட்டொக் (பிஎச்டிக்குப் பிறகு செய்யும் ஆராய்ச்சி வேலை) இடம் வெளிநாட்டில் கிடைத்திருக்கிறது. இரண்டு வருட ஒப்பந்தம். ஓஎல்லுக்குப் பிறகு உயிரியல் படித்ததில்லை. போகலாமா?

போங்கோ. ஆனால் கையெழுத்து வைக்க முதல் அங்கே சில விஷயங்களைக் கேட்டுவிட்டுப் போங்கோ. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் நிலைமை எனக்கு விளங்குது. ஏஎல்லில் மற்ஸ் படித்திருப்பீர்கள். பயோ பிள்ளைகள் தாவரவியல் பாடமாக்கிய நேரம் நீங்கள் ரியூட்டரிக் கொட்டிலில் இணைந்த கணிதம் செய்துகொண்டு இருந்திருப்பீர்கள். வீட்டில் இப்போது "இன்னும் எத்தினை வருசம் படிக்கப் போறாய்?" என்று கேட்பார்கள். போஸ்ட்டொக் படிப்பில்லை, வேலை. சம்பளமும் லீவும் ஒப்பந்தமும் உள்ள வேலை. அம்மாவுக்கு இதே சொற்களில் சொல்லுங்கோ.

பயோ தெரியாது என்ற பயத்துக்கு வருகிறேன். நானும் மற்ஸ் ஆள்தான், இப்படியான ஆய்வுகூடத்தில் கருவி செய்தவன். இந்தத் துறைக்கு ஏன் பொறியியலாளர் தேவை என்று பாருங்கோ. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் அந்த நடுக்க நோயைப் பற்றி எழுதினார். இன்றைக்கும் கை நடுங்குது என்று ஒருவர் வைத்தியரிடம் போகிற நேரம், அவருடைய மூளையில், அசைவைக் கட்டுப்படுத்த உதவும் டொபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்களில் பெரும் பங்கு செத்துப் போயிருக்கும். லெவோடோபா என்ற மருந்து நடுக்கத்தையும் இறுக்கத்தையும் குறைக்கும், கலங்கள் சாவதை நிறுத்தாது. அவை ஏன் சாகின்றன என்று பார்க்க உயிருள்ள மனித நரம்புக் கலம் வேண்டும், ஆனால் உயிரோடு இருப்பவரின் மூளையை அதற்காக வெட்ட முடியாது. 2007இல் யமனாகா என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளரின் குழு மனிதத் தோல் கலத்தை, வேறு வகைக் கலங்களாக வளரக்கூடிய குருத்துக் கல நிலைக்குத் திருப்பிக் காட்டியது. அதன் பிறகு நோயாளியின் தோலில் இருந்தே நரம்புக் கலம் வளர்க்க வழி வந்தது.

சாதாரணத் தட்டில் வளர்த்தால் அவை ஒன்றோடு ஒன்று பின்னி வளரும். எது எதற்கு என்னத்தைக் கடத்தியது என்று பிரித்துச் சொல்ல ஏலாது. அங்கேதான் எங்களைத் தேடுகிறார்கள். இரண்டு சின்ன அறைகள், இடையில் சில மைக்குரோமீற்றர் உயரமுள்ள வாய்க்கால்கள். கலத்தின் உடல் அதற்குள் போகாது, அதிலிருந்து வளரும் அக்சன் என்ற நீண்ட இழை மட்டும் நுழைந்து மறுபக்கம் போய்ச் சேரும். அறை பிரிக்கும் யோசனை 1977இல் கம்பெனொட் என்பவர் செய்து காட்டியது, சிலிக்கோன் ரப்பர் சிப்பாக வந்தது பிற்காலத்தில். ஒரு அறையில், பார்க்கின்சன் நோயில் மூளைக் கலங்களுக்குள் திரளும் உருக்குலைந்த அல்பா-சினுக்ளின் புரதத்தை விட்டு, அது மற்ற அறைக்குப் போகிறதா என்று பார்க்கலாம். அடியில் மின்வாய்கள் பதித்தால் பத்துக் கணக்கான மைக்குரோவோல்ற் அளவுத் துடிப்புகளை இரைச்சலில் இருந்து பிரித்துப் பதியலாம். பாய்மம், பொருள், மின்சாரம். எல்லாம் உங்களுடைய பாடம்.

சிப்பில் வளர்வது மூளையில்லையே என்று யாராவது வந்து எழுதுவார்கள். தெரியும். தோல் கலத்தைத் திருப்பும்போது அதன் வயதும் திரும்பிவிடும், அப்படி வளரும் கலங்கள் கருவிலிருக்கும் சிசுவின் கலங்களைப் போல நடக்கும். முதுமையில் வரும் நோயை அவற்றில் பார்ப்பது பெரிய குறைதான். சிலிக்கோன் ரப்பர் சில மருந்துகளை உறிஞ்சிவிடும், கலத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதில் குழப்பம் வரும். இந்தக் குறைகளைச் சரிசெய்யவும் கருவி செய்கிற ஆள்தான் தேவை.

இனி எனக்கு நடந்தது. என்னுடைய சிப்பில் போட்ட நரம்புக் கலங்கள் முதல் கிழமை வடிவாக வளரும், அதற்குப் பிறகு செத்துவிடும். பக்கத்துத் தட்டில் அதே கலங்கள் நல்லாக இருக்கும். ஆய்வுகூடத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், உன்னுடைய ரப்பரில் நஞ்சு இருக்கு என்று. கூட்டத்துக்குக் கூட்டம் இதே பேச்சு. பொறியியலாளர் சொன்னால் எடுபடாது, ஏனென்றால் நீ உயிரியல் படிக்கவில்லை. ரப்பரைக் கூடுதல் நேரம் சுட்டேன், கரைப்பானில் ஊறவைத்துக் கழுவினேன். ஒன்றும் மாறவில்லை.

எனக்கு உறைத்தது வேறு விஷயம். சிப்பில் நிற்கும் ஊடகம், அதாவது கலங்களை வளர்க்கும் திரவம், சில நூறு மைக்குரோலீற்றர்தான், தட்டிலோ மில்லிலீற்றர் கணக்கு. இன்கியூபேட்டர் 37 பாகையில் இருக்கும், உள்ளே ஈரப்பதம் இருக்க வேண்டும், ஆனால் அது பொதுப் பெட்டி, நாள் முழுக்க யாராவது கதவைத் திறந்து மூடுவார்கள். திறக்கத் திறக்க ஈரம் போகும், தண்ணீர் ஆவியாகும், உப்பு மிஞ்சும். ஆனையிறவு உப்பளத்தில் நடக்கிறதுதான் என் சிப்புக்குள் நடந்தது. திரவத்தில் கரைந்திருப்பவற்றின் செறிவைக் காட்டும் ஒஸ்மோமீற்றரில் நாளுக்கு நாள் அளந்து வரைபடம் போட்டேன், கோடு ஏறிக்கொண்டே போனது. நனைத்த ரிசுத் தாளோடு மூடிய பெட்டிக்குள் சிப்புகளை வைத்தேன். கலங்கள் பிழைத்தன. தேடிப் பார்த்தால் 2001இலேயே பொட்டர், டிமார்ஸ் இருவரும் நீராவியை விடாத, ஒட்சிசனையும் காபனீரொட்சைட்டையும் விடும் மெல்லிய டெப்லோன் படலத்தால் தட்டை மூடி, நரம்புக் கலங்களை ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடு வைத்திருந்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஏஎல் பயோ தேவைப்படவில்லை. இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

பிறகு அந்தச் சிப்பில் எடுத்த தரவு பேப்பராக வந்தது. என் பெயர் நடுவில், ஒரு கும்பலுக்குள். கருவி செய்த பகுதி பின்னிணைப்புக்குப் போனது. எல்லா ஆய்வுகூடமும் இப்படி என்று சொல்லவில்லை, நல்ல மனிதர்களோடும் வேலை செய்திருக்கிறேன். ஆனால் பேப்பரில் முதலாம் பெயர் (முக்கிய வேலை செய்தவருக்குரிய இடம்) இல்லாத போஸ்ட்டொக் அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது படும் பாடு எனக்குத் தெரியும்.

பாடு என்றதும் ஞாபகம் வருது. பெறுபேற்றுத் தாள்களை இப்போதே எடுத்து வையுங்கோ. நான் இளமாணி படித்த இடத்துக் கந்தோரில் ஒரு தாளுக்காக நடையாய் நடந்தேன். கிளாக்கர் லீவு, சீல் வைக்கிறவர் கூட்டத்தில், பைலைக் காணேல்லை. அந்தப் பக்கம் விசாவுக்கான நாள் ஓடுது, இந்தப் பக்கம் "நாளைக்கு வாங்கோ". பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு எடுபட வேண்டுமென்று கோயில் கோயிலாய் நேர்த்தி வைக்கிற ஊரில், படித்து முடித்தவனுக்கு ஒரு தாள் கொடுக்க ஏன் இவ்வளவு அலைச்சல்? இதை யாரும் கேட்பதில்லை. நினைத்தால் இன்றைக்கும் எரியுது.

சரி, உங்களுடைய இடத்துக்கு வருவோம். நரம்புக் கலம் யார் வளர்த்துத் தருகிறார்கள் என்று பேராசிரியரிடம் கேளுங்கோ. "நீங்களே பழகிக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் யோசியுங்கோ. குருத்துக் கலத்தில் இருந்து பயன்படும் நரம்புக் கலம் வரப் பல கிழமைகள் எடுக்கும், ஒரு தொகுதியில் கிருமி வந்தால் எல்லாம் திரும்ப முதலில் இருந்துதான். இரண்டு வருடத்தில் அதையும் பழகி, கருவியும் செய்து, பேப்பரும் எழுத ஏலாது. உங்களுக்குப் பக்கத்து மேசையில் முழுநேரம் இருக்கும் உயிரியல் ஆள் ஒருவர் வேண்டும். பெயர்பெற்ற ஆய்வுகூடமா என்று பார்க்காமல் அந்த ஆள் இருக்கிறாரா என்று பாருங்கோ. ஏலுமென்றால் அவரோடு தனியக் கதையுங்கோ, முன்னம் இருந்த பொறியியலாளர் ஏன் போனார் என்று கேளுங்கோ.

பெயர் வரிசையை வெட்கப்படாமல் நேர்காணலிலேயே கேளுங்கோ. கருவியைப் பற்றிய பேப்பர் தனியாக வருமா, அதில் முதல் பெயர் என்னுடையதா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எடுங்கோ. மரியாதையில்லை என்று நினைப்பார்களோ என்ற எங்கட ஊர்ப் பயத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

"மருந்து கண்டுபிடிக்கப் போறியோ?" என்றும் சிலர் கேட்பார்கள். என்னுடைய பெரியம்மாவுக்கு பார்க்கின்சன். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பா. நான் செய்த சிப் அவவுக்கு ஒன்றும் செய்யப்போவதில்லை. அவ ஒருநாள் கேட்டபோது அதைத்தான் நேராகச் சொன்னேன். உங்களிடம் கேட்பவர்களுக்கும் அப்படியே சொல்லுங்கோ, கூட்டிச் சொல்ல வேண்டாம்.

அங்கே போய் இறங்கிய கையோடு கிளீன் ரூம் (சிப்புக்கான அச்சு செய்யும் தூசி குறைந்த அறை) பயிற்சிக்குப் பெயர் கொடுங்கோ. வரிசை நீளமாக இருக்கும், அனுமதி இல்லாமல் ஒரு அச்சும் செய்ய விடமாட்டார்கள்.