தண்ணீருக்குள் போனதும் வரிசை ஏன் மாறுகிறது? தனிமங்கள் பற்றிய கேள்வி-பதில்

சோடியத்திலிருந்து குளோரின் வரை எலக்ட்ரான் கூடிக்கொண்டே போகிறது. அணு மட்டும் ஏன் சிறியதாகிறது சார்? (பிளஸ் ஒன் மாணவி, வியாசர்பாடி)

எலக்ட்ரானோடு சேர்ந்து அணுக்கருவில் புரோட்டானும் கூடுகிறதேம்மா. புதிதாக வரும் எலக்ட்ரான்கள் எல்லாம் அதே மூன்றாவது கூட்டில்தான் உட்காருகின்றன, ஒரே கூட்டில் இருப்பவை ஒன்றையொன்று அணுக்கருவின் இழுப்பிலிருந்து அவ்வளவாக மறைப்பதில்லை, அதனால் அணுக்கருவின் இழுப்பு ஏறி கூடு சுருங்குகிறது. அணு ஆரம் சோடியத்துக்கு 186 பிக்கோமீட்டர், குளோரினுக்கு 99.

நைட்ரஜனைவிட ஆக்ஸிஜனின் அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானை உருவத் தேவைப்படும் ஆற்றல்) குறைவு. விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்யச் சொல்லிவிடலாமா? (டியூஷன் ஆசிரியை, தண்டையார்பேட்டை)

வேண்டாம் மேடம். நைட்ரஜனில் மூன்று பி ஆர்பிட்டாலிலும் (வெளிக்கூட்டில் எலக்ட்ரான்கள் இருக்கும் அறைகள் மாதிரி) ஆளுக்கொரு எலக்ட்ரான். ஆக்ஸிஜனில் நான்காவது ஏற்கெனவே ஒன்று இருக்கும் இடத்தில் ஜோடி சேர வேண்டியிருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று தள்ளுகின்றன, ஒன்றை உருவுவது சுலபம். 1402-க்கு அப்புறம் 1314 கிலோஜூல் வருவது அதனால்தான். பாஸ்பரஸ், கந்தகத்திலும் இதே கதைதான் (1012, 1000). படம் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

ஃப்ளூரின்தானே எலக்ட்ரானை அதிகம் கவரும்? அப்புறம் ஏன் எலக்ட்ரான் நாட்டத்தில் குளோரின் முந்துகிறது? (கல்லூரி மாணவர், திருவொற்றியூர்)

எலக்ட்ரான் நாட்டம் என்பது தனி அணு ஒன்று புதிதாக ஒரு எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல். ஃப்ளூரின் மிகச் சிறிய அணு, உள்ளே ஏற்கெனவே நெரிசல், புதிதாக வருவதைத் தள்ளுகிறது. எலக்ட்ரான் கவர்தன்மை என்பது பிணைப்புக்குள் இருக்கும்போது இழுக்கும் திறன், அதில் ஃப்ளூரின்தான் முதல்.

சார், எங்கள் இரும்புப் படகின் அடியில் ஜிங்க் கட்டி வைக்கிறோம், அது கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஜிங்கிலிருந்து எலக்ட்ரானை எடுப்பதுதான் கஷ்டம் என்று பையன் புத்தகத்தைக் காட்டுகிறான். (படகு உரிமையாளர், காசிமேடு)

பையன் சொல்வது சரி, படகில் நீங்கள் பார்ப்பதும் சரி. முதல் அயனியாக்கும் ஆற்றல் துத்தநாகத்துக்கு (அதாவது ஜிங்குக்கு) 906 கிலோஜூல், இரும்புக்கு 762. ஆனால் அது வாயு நிலையில் தனியாக இருக்கும் அணுவின் கணக்கு. கடல்நீரில் உலோகம் கரைய வேண்டுமென்றால் முதலில் அணு கட்டியிலிருந்து பிரிய வேண்டும், பிறகு எலக்ட்ரானை விட வேண்டும், கடைசியில் அயனியைத் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும்போது ஆற்றல் திரும்பக் கிடைக்கும். துத்தநாக அணுக்களின் பிடிப்பு ரொம்பத் தளர்வு, 420 டிகிரியிலேயே உருகிவிடும், இரும்புக்கோ 1538 வேண்டும். பிரிப்பதில் மிச்சமாகும் ஆற்றலும், தண்ணீர் சூழும்போது கூடுதலாகக் கிடைப்பதும் சேர்ந்து மற்றதை ஈடுகட்டிவிடுகின்றன. தண்ணீரில் உலோகம் எவ்வளவு சுலபமாக எலக்ட்ரானை விடும் என்று காட்டுவது மின்முனை அழுத்தம், மைனஸில் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு சுலபம்: துத்தநாகம் -0.76 வோல்ட், இரும்பு -0.44. கார உலோகங்களில் (லித்தியம், சோடியம், பொட்டாசியம் போன்றவை) அயனியாக்க லித்தியத்துக்குத்தான் அதிக ஆற்றல் தேவை, ஆனாலும் தண்ணீரில் -3.04 வோல்ட்டோடு அதுவே முன்னால் நிற்கிறது, குட்டி அயனியைத் தண்ணீர் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. அட்டவணையின் எண்ணைப் படிக்கும்போது அது எந்த நிலைக்கான எண் என்றும் கேட்கச் சொல்லுங்கள் பையனிடம்.

அப்புறம், படகுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ஜிங்க் மேல் அடித்துவிடாதீர்கள், மூடினால் அது வேலை செய்யாது. இரும்போடு உலோகத் தொடர்பும் இருக்க வேண்டும், போல்ட் துருப்பிடித்திருந்தால் சுரண்டிவிட்டு முடுக்குங்கள்.