ஸ்டுட்கார்ட்டில் எந்தச் சபைக்குப் போவது?

தம்பி, அடுத்த மாதம் வேலைக்காக ஜெர்மனிக்கு, ஸ்டுட்கார்ட் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். சிஎஸ்ஐ சபையில் வளர்ந்தவன், இங்கே ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது, தமிழ் ஆராதனை உண்டா, வீடு எந்தப் பக்கம் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கிடைக்கிற வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். சபைக்கு வருகிறேன்.

முதலில் எச்சரிக்கை. வந்ததும் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் உண்டு. 1999 நவம்பரில் எனக்குப் பதிவு செய்த அலுவலகப் பெண்மணி, "எவாங்கேலிஷ்?" என்று கேட்டார், அதாவது புராட்டஸ்டன்டா என்று. நான் விசுவாசப் பிரமாணம் சொல்கிறவன் மாதிரி நிமிர்ந்து நின்று "யா" என்றேன். டிசம்பர் சம்பளச் சீட்டில் புதிதாக ஒரு பிடித்தம். கணக்குப் பிரிவுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அங்கிருந்தவர் சீட்டில் 'எவ்' என்றிருந்த இரண்டு எழுத்தைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். சர்ச் டாக்ஸ்!

பலர் பயமுறுத்துவது போல் அது சம்பளத்தில் 8 சதவீதம் இல்லை, வருமான வரித் தொகையில் 8 சதவீதம். மாதம் 500 யூரோ வரி போனால் சபைக்கு 40 யூரோ. இங்கேயும் பவேரியாவிலும் 8, மற்ற மாநிலங்களில் 9. தசமபாகம் கொடுத்துப் பழகியவனுக்கு இது பெரிதில்லை. ஆனாலும் தெரிந்துகொண்டு எழுதுங்கள். கத்தோலிக்கருக்கும் இதே கதைதான். பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே போன்ற சுயாதீன சபைகள் வரி பிடிப்பதில்லை, காணிக்கையில் நடக்கின்றன.

வேண்டாம் என்றால் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து விலகலாம். அப்படி விலகினால் ஞானப்பெற்றோராக நிற்க முடியாது. நம் ஆட்களில் சிலர் வரிக்குப் பயந்து விலகிவிட்டு, பிறகு பிள்ளைக்கு ஞானஸ்நானம் மட்டும் அந்தப் பழைய கல் கோவிலிலேயே வேண்டும் என்று வந்து நிற்பார்கள். படம் நன்றாக வருமாம்.

தமிழ் ஐக்கியங்கள் இருக்கின்றன. முதல் வருஷம் நானும் ஒன்றில்தான் இருந்தேன். ஒன்றரை மணி நேரம் செய்தி, அப்புறம் சாட்சி, அப்புறம் சாப்பாடு. மனசுக்கு இதமாக இருந்தது, மறுக்கவில்லை. இருபது குடும்பம்கூட இல்லாத அந்தக் கூட்டம், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை யார் நடத்துவது என்பதில் இரண்டாகப் பிரிந்தது. நான் எந்தப் பக்கம் என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். மாதம் ஒருமுறை போங்கள். ஆனால் பேட்டைச் சபையை, அதாவது நீங்கள் குடியிருக்கும் பகுதியின் ஜெர்மன் புராட்டஸ்டன்ட் சபையை, விட்டுவிடாதீர்கள்.

பேட்டைச் சபை வேறு மாதிரி. ஒரு மணி நேரத்தில் ஆராதனை முடிந்துவிடும். பிரசங்கம் பதினைந்து, இருபது நிமிஷம், தாளைப் பார்த்து வாசிப்பார்கள், யாரும் அல்லேலூயா சொல்ல மாட்டார்கள். எந்த ஞாயிறு எந்த வசனம் என்பதும் ஆறு வருஷச் சுற்றாக முன்னமே வகுத்தது, போதகர் இஷ்டத்துக்கு எடுக்கிற வழக்கம் குறைவு. நம் ஊரில் போதகரம்மா என்றால் போதகரின் மனைவி. இங்கே அந்த அம்மாவே போதகராக இருப்பார், திகைக்காதீர்கள். கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது கோபுர மணி அடிக்கும். எனக்கு அந்த ஒரு நிமிஷம் போதும்.

'குளிர்ந்த சபை' என்று நம்மவர்கள் முணுமுணுப்பார்கள். இரண்டு வாரம் வராவிட்டால் வீட்டுக்கு வந்து விசாரிக்கிற வழக்கம் இங்கே இல்லை, உண்மைதான். நானும் மூன்று மாதம் போய்க்கொண்டிருந்தேன். வாசலில் போதகர் கை குலுக்குவார், நான் வீட்டுக்குப் போய்ச் சோறு வைப்பேன். ஒருவரும் பேர்கூடக் கேட்கவில்லை.

முதல் ஞாயிறு சுவரில் தொங்கிய பலகையில் வெறும் எண்கள். சங்கீத எண்கள் என்று நினைத்து வேதாகமத்தைப் புரட்டினேன். 317க்கு எங்கே போக? அவை பாட்டு எண்கள். பக்கத்தில் இருந்த பாட்டி தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, வரிக்கு வரி விரலை வைத்துக்கொண்டே வந்தார். நகத்தின் ஓரத்தில் தோட்ட மண். ஆர்கன் ராகம் எடுத்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிறு வயதிலிருந்து தமிழில் பாடிய அதே ராகம்! ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் படித்தவர், 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த மிஷனரி பப்ரிசியுஸ் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினார். படித்திருந்தேன், ஆனால் அன்றுதான் காதில் விழுந்தது. நான் தமிழிலேயே பாடினேன். பாட்டி திரும்பிப் பார்த்தார், விரலை மட்டும் எடுக்கவில்லை.

அந்தப் பாட்டிதான் ஒருநாள் ஆராதனை முடிந்து வெளியேறப் போனவனைச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், சபை மண்டபத்துச் சமையலறையில் நிறுத்தி, ஒரு துண்டைக் கையில் கொடுத்தார். காபிக் கோப்பை துடைக்கும் வேலை. அன்றைக்கே ஏழு பேர் பேர் கேட்டார்கள். இங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறவனை விருந்தாளியாக விட்டுவிடுவார்கள், வேலை செய்கிறவனிடம்தான் பேசுவார்கள். அடுத்த வருஷம் பாடகர் குழுவில் சேர்ந்தேன். வகுப்பில் ஏறாத ஜெர்மன் அங்கே ஏறியது. இன்று பேஸ் என்கிற கீழ்க்குரல் பாடுகிற ஜெர்மன்காரருக்கு நான் சுரம் திருத்துகிறேன். பெருமைதான், இருக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வென்ட் காலத்துக்கு முந்தின ஞாயிறு, அந்த வருஷம் இறந்தவர்களின் பேரை ஒவ்வொன்றாக வாசித்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். 2011இல் பாட்டியின் பேரும் வந்தது. குடும்பத்தார் தூர ஊரில் இருந்ததால் என்னை ஏற்றச் சொன்னார்கள். திரி நனைந்திருந்ததோ என் கைதான் நடுங்கியதோ, இரண்டு தரம் அணைந்தது. மூன்றாவது தரம் பிடித்தது. அன்றும் காபி இருந்தது, கோப்பைகளும் இருந்தன.

பிள்ளைகளின் ஞாயிறு பள்ளி பற்றியும் கேட்டிருந்தீர்கள், அதை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். 10 மணி ஆராதனை என்றால் 10 மணிக்கே தொடங்கும், பத்து நிமிஷம் முன்னால் வந்துவிடுங்கள்.